சொம்புக்காரரும் அழுகிற குழாயும்

பொறாமை கெட்ட குணம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் யாரும் சொம்புக்காரரைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பாடத்தையே மாற்றியிருப்பார்கள். இந்த உலகத்தில் பொறாமைப்பட வேண்டிய அத்தனை விஷயங்களையும் ஒரே ஆளுக்குள் போட்டுத் திணித்து, தலையில் ஒரு பழைய துண்டைக் கட்டி, கையில் ஒரு பித்தளைச் சொம்பையும் கொடுத்துக் கடவுள் பூமிக்கு அனுப்பிவைத்தார். அனுப்பியதும் அனுப்பினார், நான் வேலை பார்த்த இடத்துக்கா அனுப்ப வேண்டும்?

வெள்ளைக்காரர் ஆண்ட காலம். கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. காளப்பநாயக்கன்பட்டியில் விடிகாலையில் பழைய சோற்றைக் குடித்துவிட்டு ஏற ஆரம்பித்தால், முழங்கால் இரண்டும் 'எங்களை விட்டுவிடு' என்று கெஞ்சுகிற நேரத்தில் மேலே போய்ச் சேரலாம். துரைமார் மட்டும் ஆட்கள் தூக்குகிற டோலியில் வருவார்கள். மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் நான் ஓவர்சியர். தோட்டத்தின் பெயர் வேண்டாம், துரையின் பெயரும் வேண்டாம். எனக்கு இருபத்தைந்து வயது. ஓவர்சியர் பரீட்சை பாஸ் செய்திருந்தேன். அந்த மலையிலேயே அதைப் பாஸ் செய்தவன் நான் ஒருவன்தான் என்பதை எதிரில் வருகிற ஆடு மாடு தவிர எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

துரையின் பங்களாவுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவருவது என் பொறுப்பு. மேலே சரிவில் ஒரு சுனை. அதன் பக்கத்தில் கல் தொட்டி கட்டினோம். அங்கிருந்து பங்களாவுக்கு ஏறக்குறைய நூற்றைம்பது அடி இறக்கம். எண்பது இரும்புக் குழாய்கள் அடிவாரத்திலிருந்து ஆள் தோளில் மேலே வந்தன. குழாய்களைப் பூட்டியது சடையக் கவுண்டரும் அவருடைய ஆட்களும். பக்கத்து மலையூர்க்காரர். மூங்கிலைத் துளைத்துச் சுனைத் தண்ணீரை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து கொட்டுவதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. இரும்புக் குழாயைத் தொட்டது அதுதான் முதல் தடவை. குழாய் பங்களா வேலிக்குள் நுழைந்ததும் இரண்டாகப் பிரியும். ஒன்று துரையின் குளியலறைக்கு. இன்னொன்று என் குவார்ட்டர்ஸுக்கு. இந்த இரண்டாவது கிளையை நான்தான் வரைபடத்தில் ஓரமாக, மெல்லிய கோட்டில் சேர்த்திருந்தேன்.

திறப்பு விழா அன்று துரை தன் கையாலேயே குளியலறைக் குழாயைத் திருகினார். படார் என்று ஒரு அறை. துரையின் மீசையெல்லாம் தண்ணீர். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் சிரித்து முடிப்பதற்குள் தண்ணீர் பென்சில் கனத்துக்கு இளைத்துவிட்டது. அப்புறம் என்ன திருகியும் அது பென்சிலாகவேதான் இருந்தது.

துரை சும்மா இருக்கவில்லை. காப்பிக் கொட்டை உரிக்கிற கொட்டகையில் இருந்த பாய்லரிலிருந்து பிரஷர் காட்டுகிற கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து குழாயில் மாட்டினார். முள் விறைப்பாக எழுந்து நின்றது. துரை அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பிரஷர் ரொம்ப நல்லா இருக்கு, ஓவர்சியர். தண்ணி எங்கே?"

இந்தக் கேள்விக்கு என் பாடப் புத்தகத்தில் பதில் இல்லை. புத்தகத்தில் பிரஷர் நன்றாக இருந்தால் தண்ணீர் வந்துவிடும்.

இதற்கிடையில் துரைசானி கப்பலில் வந்துகொண்டிருந்தார். அவருக்காகவே ஒரு பீங்கான் குளியல் தொட்டியை எட்டுப் பேர் முக்கி முனகி மலைக்குத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் குழாய் வந்த வேகத்துக்கு, இன்றைக்குத் திறந்துவிட்டால் துரைசானி தீபாவளிக்குக் குளிக்கலாம். துரை என்னைக் கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். "சனிக்கிழமை துரைசானி வர்றாங்க. அன்னிக்குத் தொட்டி நிறையணும். நிறையலேன்னா நீ கீழே போ." கீழே என்றால் மலைக்குக் கீழே. வேலை போனால் எனக்குச் சேந்தமங்கலத்தில் மாமனார் வீட்டு மாட்டுக் கொட்டகைதான் கதி. 'ஓவர்சியர் மாப்பிள்ளை' என்று ஊரெல்லாம் சொல்லிப் பெண் கொடுத்தவர் அவர். மாடுகளுக்கு நடுவில் என்னை எப்படி அறிமுகம் செய்துவைப்பார் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் என்ன செய்யாமல் விட்டேன்? பிரஷர் போதவில்லையோ என்று தொட்டியை இன்னும் இரண்டடி உயர்த்தினேன். கடிகார முள் இன்னும் கொஞ்சம் விறைத்தது, பென்சில் பென்சிலாகவே இருந்தது. குழாய் வாயை மாற்றினேன். மாற்றியதையும் மாற்றினேன். குழாய்க்குள் காற்று அடைத்திருக்கும் என்று எண்ணி எண்பது குழாய்களையும் சுத்தியலால் தட்டிக்கொண்டே மலை ஏறினேன். குரங்குகள் பின்னாலேயே வந்து வேடிக்கை பார்த்தன.

என் மனைவி நல்லம்மாளுக்கும் எனக்கும் கல்யாணமாகி ஆறு மாதம். மலைக்கு வந்தால் வீட்டுக்குள்ளேயே குழாய்த் தண்ணீர் என்று ஆசை காட்டி, ஒரு மாதத்துக்கு முன்னால்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். அவள் தினமும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் போட்ட குழாயின் ஓரமாகவே சுனைவரை நடந்து, தண்ணீர் மொண்டுகொண்டு வந்தாள். ஒருநாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஏனுங்க, எங்கய்யன் தோட்டத்துத் தொட்டிக் குழாயும் இப்பிடித்தான் மக்கர் பண்ணுச்சு. காளப்பநாயக்கன்பட்டியில சொம்புக்காரருன்னு ஒருத்தர் இருக்காருங்க. வந்து ஒரே நாள்ல சரி பண்ணிட்டாரு. சொல்லியனுப்பட்டுங்களா?"

"அவரு என்ன பரீட்சை பாஸ் பண்ணியிருக்காரு?"

"அது தெரியலீங்க. தண்ணி வந்துச்சு."

வியாழக்கிழமை காலையில் சொம்புக்காரர் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லி. முழங்காலுக்கு மேல் வேட்டி. கையில் அந்தச் சொம்பு. அவ்வளவு மலை ஏறிவந்தும் மூச்சு வாங்கவில்லை என்பதை நான் முதலில் கவனித்தேன், எனக்குப் பிடிக்கவில்லை. பங்களா வாசலில் துரையின் நாய்கள் இரண்டு உண்டு. அந்த நாய்களுக்கு நான் ஒரு வருஷமாக ரொட்டி போட்டுவருகிறேன், இரண்டு தடவை கடித்திருக்கின்றன. சொம்புக்காரர் வாசலில் வந்து நின்றதும் இரண்டும் ஓடிப்போய் அவர் காலடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு வயிற்றைக் காட்டின.

நல்லம்மாள் அவருக்குக் காப்பி கொடுத்தாள். எங்கள் வீட்டில் ஒரு பெரிய டம்ளரும் ஒரு சின்ன டம்ளரும் உண்டு. பெரிய டம்ளர் என்னுடையது. அன்றைக்கு அது அவர் கையில் இருந்தது. காப்பியைக் குடித்துக்கொண்டே அவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அம்மிணி, அடுப்பு பொகையுதுங்களா?"

"ஆமாங்க, கண்ணே போயிரும்போல இருக்குது."

"அந்த மூலையில கூரை ஓடு ரெண்டை நகத்தி வெச்சுப் பாருங்க கண்ணு."

நகர்த்திவைத்தார்கள். புகை நல்ல பிள்ளையாக மேலே போய்விட்டது. அந்த வீட்டில் நான் ஒரு வருஷமாகப் புகை குடித்திருக்கிறேன். மலை வீடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நல்லம்மாளுக்கு விளக்கமும் சொல்லியிருக்கிறேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஓவர்சியர் பரீட்சையில் அடுப்பு கிடையாது என்று நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

என் வரைபடத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். மூன்று வண்ண மையில் வரைந்தது. அதைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் ரசித்துப் பார்த்தார்.

"நெம்ப அழகா இருக்குதுங்க. இதுல தண்ணி வருதுங்களா?"

"படத்துல எப்படீங்க தண்ணி வரும்?"

"அப்பக் குழாயவே பாத்துடலாமுங்க."

அவருடைய வித்தை இரண்டே இரண்டுதான். ஒன்று கட்டைவிரல், இன்னொன்று சொம்பு. குழாய் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துப் பார்ப்பார். அது தண்ணீரின் வேகத்துக்கு. அப்புறம் சொம்பைப் பிடித்து, அது நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணுவார். அது அளவுக்கு. எண்ணுவார் என்றேனே தவிர, அவருக்கு எண்ணிக்கை என்றால் ஒன்று இரண்டு இல்லை. தன்னோடு பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்களின் பெயரை வரிசையாகச் சொல்லுவார். சண்டை வந்த வரிசையில்.

"பெரிய மச்சான், நடு மச்சான், சின்ன மச்சான்..." என்று நிறுத்தி நிதானமாகப் போகும். நல்ல குழாய் என்றால் சின்ன மச்சானுக்குள் சொம்பு நிறைந்துவிட வேண்டுமாம். சம்பந்தி வரைக்கும் போனால் ஏதோ லேசான கோளாறு. பங்காளிகளைத் தொட்டுவிட்டால் சீக்கு முற்றிவிட்டது என்று அர்த்தம்.

துரையின் முன்னிலையில் குளியலறைக் குழாயை முதலில் மூடச் சொன்னார். ஒரு வெற்றிலை போட்டு மென்று முடித்தார். அப்புறம் கட்டைவிரலைக் குழாய் வாயில் வைத்துக்கொண்டு திருகைத் திறந்தார். விரலின் இரண்டு பக்கமும் தண்ணீர் சீறித் துரையின் கோட்டை நனைத்தது. நான் நனைத்திருந்தால் அன்றைக்கே மலையிறங்கியிருப்பேன். துரை சிரித்தார். விரலை எடுத்துவிட்டுச் சொம்பைப் பிடித்து எண்ண ஆரம்பித்தார் சொம்புக்காரர்.

மச்சான்கள் மூவரும் போனார்கள். சம்பந்தி போனார். பங்காளிகள் ஐந்து பேரும் போனார்கள். சித்தப்பன், அவர் மகன், அந்த மகனுக்குப் பெண் கொடுத்தவர், எருமை விஷயத்தில் பேச்சு நின்றுபோன பக்கத்துக் காட்டுக்காரர் எல்லோரும் போனார்கள். சொம்பு கழுத்துவரைதான் வந்திருந்தது. சொம்புக்காரர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"இதுக்கு மேல சண்டை போட எனக்கு ஆளில்லீங்க."

என் குவார்ட்டர்ஸ் குழாயிலும் இதே கதைதான், அங்கேயும் ஆள் தீர்ந்துபோனார்கள். அவர் சொம்பைக் கவிழ்த்துவிட்டு என்னிடம் விளக்கினார். "மூடித் தொறந்தா மொதல்ல ஓங்கி அறையுது, அப்புறம் அழுகுது, பாத்தீங்களா? அறையுதுன்னா மேல இருந்து வர்ற வேகத்துக்கு ஒரு கொறையும் இல்லீங்க. மூடி வெச்சிருக்கையில மொள்ள மொள்ள வந்து கூடி நிக்குது. தொறந்ததும் நின்னது போயிருது, பின்னால வர வழியில்லை. நடுவுல எங்கியோ கழுத்தப் புடிச்சிருக்குது. ரெண்டு ஊட்டுக்கும் ஒரே சீக்குன்னா, சீக்கு ஊட்டுக்குள்ள இல்லீங்க. குழாய் ரெண்டாப் பிரியறதுக்கு முன்னாலயே இருக்குது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அது சரி என்று கேட்டவுடனே தெரிந்ததால்தான் எரிந்தது. மூடியிருக்கும்போது கடிகாரம் காட்டுகிற பிரஷரும், திறந்தபின் ஓடுகிற தண்ணீரும் வேறு வேறு என்பதை ஒரு கட்டைவிரலை வைத்துச் சொல்லிவிட்டார். நான் தொட்டியை இரண்டடி உயர்த்தியிருந்தேன். நல்லம்மாள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எவ்வளவு தெளிவாச் சொல்றாரு பாருங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை சுனைப் பக்கம் போனார். தொட்டிக்கு அடுத்து இரண்டு குழாய்கள் சேர்கிற பூட்டைச் சடையக் கவுண்டரின் ஆட்கள் கழற்ற, 'பெரிய மச்சான்' என்று முழுசாகச் சொல்வதற்குள் சொம்பு நிறைந்து வழிந்தது. அங்கே சீக்கு இல்லை. பாதி மலையில் ஒரு பூட்டைக் கழற்றினார்கள், தண்ணீர் வந்த வேகத்தில் சொம்பே கையைவிட்டுப் பறந்து காப்பிச் செடிக்குள் விழுந்தது. அங்கேயும் இல்லை. ஒவ்வொரு பூட்டையும் பிரித்துச் சணல் சுற்றி மறுபடி பூட்ட வெகுநேரம் பிடிக்கும். அதனால் மிச்ச தூரத்தைக் காதால் பார்த்துவிடுகிறேன் என்றார். சொம்பின் வாயைக் குழாய்மேல் கவிழ்த்து, அதன் அடியில் காதை வைத்துக் கேட்பாராம். நெருக்கடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் சீறுமாம்.

அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது நான் ஒரு காரியம் செய்தேன். இத்தனை வருஷம் கழித்தும் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நல்லம்மாள் அவர் இலையில் மூன்றாவது தடவை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் மறுக்க மறுக்க ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் நேரே முற்றத்துக்குப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த சொம்பை எடுத்து, உள்ளே கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டேன். தண்ணீர் வரவில்லை என்றால் என் வேலைதான் போகும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்த ஆள் தோற்றுப்போக வேண்டும், அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

சாயங்காலம்வரை சொம்பைத் தேடினார்கள். சடையக் கவுண்டரின் ஆட்கள் காப்பிச் செடிகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார்கள். நானும் தேடினேன். எல்லோரையும்விட மும்முரமாகத் தேடினேன். இராச் சோற்றுக்கு அரிசி எடுக்கப்போன நல்லம்மாள் சொம்போடு வெளியே வந்து என்னையே பார்த்தாள். சொம்புக்காரரும் பார்த்தார். சொம்பை வாங்கி உள்ளே ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டார்.

"மலைக் குளிருங்க அம்மிணி. வெதுவெதுப்பா இருக்குமுன்னு அதுவாப் போயி அரிசிக்குள்ள படுத்துக்கிச்சாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார்.

இப்படி ஒரு ஆள் இருந்தால் மனுஷன் எப்படிங்க பொறாமைப்படாமல் இருப்பான்? திட்டியிருந்தாலாவது இரண்டு வார்த்தை பதிலுக்குப் பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை. சொம்புக்காரர் பாதி மலையிலிருந்து காதை வைத்துக்கொண்டே இறங்கி வந்தார். வேலியைத் தாண்டி, குழாய் இரண்டாகப் பிரிவதற்குச் சற்று முன்னால் குழாய்களை இணைக்கிற கடைசிப் பூட்டு, யூனியன் என்பார்கள், ஒன்று உண்டு. அங்கே வந்ததும் குழாய்மேல் கவிழ்த்த சொம்பை எடுக்கவே இல்லை. கையை நீட்டி என்னையும் கூப்பிட்டு, காதை வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன். உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. இந்த இடத்தை மட்டும் நான் நாற்பது தடவை சுத்தியலால் தட்டியிருப்பேன்.

அதே நேரம் கீழே தடத்தில் டோலிக்காரர்களின் குரல் கேட்டது. துரைசானி வந்துகொண்டிருந்தார். துரை வராந்தாவில் கோட்டும் தொப்பியுமாக நின்று பைக் கடிகாரத்தை எடுத்து மணி பார்த்தார். மேலே தண்ணீரை அடைக்கச் சொல்லி ஆள் ஓடினான். சடையக் கவுண்டர் பைப் ரெஞ்சைப் போட்டுத் திருகினார். யூனியன் கழன்றது. சொம்புக்காரர் விரலை விட்டு உள்ளே இருந்ததை நெம்பி எடுத்தார்.

வட்டமான பலாக்கட்டை. குழாய் வாய்க்குக் கச்சிதமாகச் செதுக்கியது, தண்ணீரில் ஊறி இறுகியிருந்தது. நடுவில் ஒரு ஓட்டை, பென்சில் நுழைகிற அளவுக்கு.

"ஏனுங்க, அதயப் போயி எதுக்குங்க புடுங்கறீங்க?" என்றார் சடையக் கவுண்டர், மனத்தாங்கலோடு. "கடைசிக் கணுவுங்க அது. நாந்தானுங்க செதுக்கி வெச்சேன்."

அவர் ஊர் வழக்கம் அது. மூங்கிலில் தண்ணீர் கொண்டுவரும்போது, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் எல்லாக் கணுக்களையும் அகலமாகத் துளைத்துவிடுவார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் வருகிற கடைசிக் கணுவில் மட்டும் சின்னதாக ஓட்டை போடுவார்கள். மலையிலிருந்து துள்ளிக்கொண்டு வருகிற தண்ணீர் அங்கே அடங்கி, வீட்டுக்குள் பதமாக விழ வேண்டும், பானையை உடைக்கக் கூடாது, வாசலைப் பறிக்கக் கூடாது. கணுவே இல்லாத இரும்புக் குழாயைப் பார்த்ததும் மனுஷனுக்கு மனசு கேட்கவில்லை. துரை வீட்டுக்குப் போகிற தண்ணீராயிற்றே என்று, இருக்கிறதிலேயே நல்ல பலாக்கட்டையாகப் பார்த்துச் செதுக்கி வைத்திருக்கிறார்.

"ஓவர்சியர் சாமியக் கேட்டுக்கிட்டுத்தானுங்க வெச்சேன்" என்றார்.

கேட்டார். வாஸ்தவம். அந்தக் கடைசி யூனியன் பூட்டின அன்றைக்கு நான் மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சேந்தமங்கலத்தில் இருந்த நல்லம்மாளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். மலையில் குழாய்த் தண்ணீர் எப்படிக் கொட்டப்போகிறது என்பதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். சடையக் கவுண்டர் வந்து, "கடைசிக் கணு வெக்கோணுமுங்களே சாமி, எப்பிடீங்க?" என்று கேட்டார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உங்க வழக்கம் எப்படியோ அப்படியே செய்யுங்க" என்றேன்.

வராந்தாவிலிருந்து துரை இறங்கி வந்துகொண்டிருந்தார். விஷயம் தெரிந்தால் போவது என் வேலை மட்டும் இல்லை, சடையக் கவுண்டரும் அவருடைய ஆட்களும் தோட்டத்து வேலையை மறந்துவிட வேண்டியதுதான். சொம்புக்காரர் கட்டையைப் பார்த்தார், சடையக் கவுண்டரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். பிறகு வெற்றிலைப் பையை மடியில் செருகுகிற மாதிரி அந்தக் கட்டையைச் செருகிக்கொண்டார்.

"என்ன அது? எதுலே அடைப்பு?" என்றார் துரை.

சடையக் கவுண்டர் பெருமையோடு வாயைத் திறந்தார். அதற்குள் சொம்புக்காரர் முந்திக்கொண்டார்.

"துருவுங்க தொரெ. கட்டி கட்டியா அடச்சிருந்துச்சுங்க."

"புதுக் குழாயிலே துருவா?"

"புது எடமுங்க. இரும்புக்கு மலைத் தண்ணி ஒத்துக்கலை. போவப் போவப் பழகிக்குமுங்க."

துரை நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மேலே தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். குளியலறையில் சொம்புக்காரர் சொம்பைப் பிடித்துக் குழாயைத் திறந்தார். 'பெரிய' என்றார், மச்சான் வருவதற்குள் சொம்பு நிறைந்துவிட்டது. பீங்கான் தொட்டியில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. டோலி வேலிக்குள் நுழைந்தபோது தொட்டி விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

துரைக்குத் தலைகால் புரியவில்லை. சொம்புக்காரரின் தோளில் கையைப் போட்டார். ஒரு வருஷத்தில் என் தோள் பக்கம் அந்தக் கை வந்ததில்லை. "நீ இங்கேயே இரு. இனிமே நீதான் என் ஓவர்சியர்" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். போச்சு, என் காப்பி டம்ளர் போச்சு, வேலை போச்சு, வீடும் இவருக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஒரு வார்த்தை 'சரி' என்றால் போதும். மடியில் வேறு அந்தக் கட்டை இருந்தது.

"எனக்கு அதெல்லாம் சரிப்படாதுங்க தொரெ" என்றார் சொம்புக்காரர். "நாப்பது வருசமாக் குழாய் பாக்குறேனுங்க. எம்பது குழாய் பூட்டி, ஒரு எடத்துலகூடச் சொட்டு ஒழுகல. நான் காத வெச்சுக்கிட்டு எறங்கி வந்தேன், ஒரு பூட்டு ஈரமில்லீங்க. இந்தப் பையன் லைனு போட்டதும், சடையக் கவுண்டரு பூட்டுனதும், இப்பிடி ஒரு வேலை நான் கீழ நாட்டுலகூடப் பாத்ததில்லை. ஆளுகள மாத்திப் போடாதீங்க."

துரை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். துரைசானியை வரவேற்கப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன்.

சடையக் கவுண்டர்தான் இன்னும் சமாதானமாகவில்லை. கணு இல்லாத தண்ணீர் வீட்டுக்குள் போவது நல்லதில்லை என்றார். சொம்புக்காரர் அவரைக் குளியலறைக்கு வெளியே இருந்த குழாயண்டை கூட்டிப்போய் அதன் திருகைக் காட்டினார்.

"இந்தாங்க கவுண்டரே, இரும்புக் குழாய்க்குக் கடைசிக் கணு இதுதானுங்க. மூங்கில்ல ஒருக்காப் போட்ட ஓட்டை போட்டதுதான். இதுல ஊட்டுக்காரங்க வேணுங்கறப்ப வேணுங்கற அளவுக்கு ஓட்டை போட்டுக்கலாம்."

சடையக் கவுண்டர் திருகை மூடினார், லேசாகத் திறந்தார், இன்னும் கொஞ்சம் திறந்தார். தண்ணீர் சொன்னபடி கேட்டது. "அப்பச் சரிங்க" என்றார். சொம்புக்காரர் மடியிலிருந்து பலாக்கட்டையை எடுத்து, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார்.

அன்று மத்தியானமே அவர் கிளம்பிவிட்டார். நல்லம்மாள் ஒரு பலாப்பழமும் ஒரு மூட்டை மிளகும் கட்டிக் கொடுத்தாள். சரிவு ஆரம்பிக்கிற இடம்வரை நான் கூடப் போனேன். மூட்டையை நானே சுமந்துகொண்டு போனேன். வழியெல்லாம் யோசித்து, கடைசியில் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, நான் சொல்லித்தான் கட்டையை வெச்சதுன்னு தெரிஞ்சும் துரைகிட்ட எதுக்கு மறைச்சீங்க?"

மூட்டையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு அவர் என்னை அதிசயமாகப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு சொம்புத் தண்ணி கூடவா வந்திருக்கப்போவுது? வாரேனுங்க சாமி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதற்கப்புறம் நான் ஒன்பது வருஷம் அந்தத் தோட்டத்தில் இருந்தேன். கட்டைவிரல் வித்தையும் சொம்பு வித்தையும் கற்றுக்கொண்டேன், பிற்பாடு ஊர் ஊராகப் போய் எத்தனையோ குழாய்களை அழவிடாமல் செய்திருக்கிறேன். அதிலெல்லாம் அவர்மேல் இருந்த பொறாமை தீர்ந்துவிட்டது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தக் கட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய், மூன்று வண்ணப் படத்தோடு துரையிடம் காட்டியிருப்பேன். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்தப் பொறாமைதான் இன்னும் தீரவில்லை.

நல்லம்மாளுக்கு இன்றுவரை அது துரு. என் கடிதத்தில் மூழ்கி நான் செய்த வேலை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. எங்கள் வீட்டில் எந்தக் குழாய் மக்கர் பண்ணினாலும், "சொம்புக்காரரு இருந்திருந்தா" என்று ஆரம்பித்துவிடுவாள், நான் எழுந்து வெளியே போய்விடுவேன். இந்த வாரம் இந்தக் கதை அச்சான பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதைப் படிப்பாள். படித்து முடித்ததும் அந்த மனுஷனை இன்னும் ஒரு மடங்கு கூடுதலாகப் புகழப் போகிறாள். புகழட்டும். இந்தத் தடவை நான் எழுந்து போக மாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விட்டதை எல்லாம் நான் எடுத்துக் கொடுப்பேன்.